கடன் வைத்துச் சென்ற மந்திரி

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இறந்தவருக்குக் கடன் இருக்கிறதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரிப்பது வழக்கம். கடன் இருந்து, அதை அடைக்கப் பொருளும் விட்டுச் செல்லாதவராக இருந்தால், தோழர்களையே தொழுதுகொள்ளும்படி சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒருமுறை அபூ கத்தாதா (ரலி) அவர்கள் முன்வந்து மையித்தின் கடனைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். பின்னாளில் வெற்றிகள் கிடைத்துப் பொருள் சேர்ந்தபோது, கடனோடு இறக்கும் முஃமின்களின் கடனைத் தாமே தீர்ப்பதாக அறிவித்தார்கள். மத்ரஸாவில் ஓதும் சிறுவனும் அறிந்த செய்தி இது.

கடன் அத்தனை கனமானது. அப்படியிருக்க, கடன் வைத்துவிட்டு இறந்த ஓர் அரசியல்வாதியின் வரலாற்றை இந்தப் பக்கங்களில் நாம் சொல்லப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மர்ஹூம் ரஃபீ அஹ்மது கித்வாய் அவர்கள் ஆலிம் அல்லர். மேடையேறி மார்க்கம் பேசியவரும் அல்லர். ஆனால் நாடு முழுவதன் அரிசிக்கும் கோதுமைக்கும் பொறுப்பான மந்திரியாக இருந்து, சொந்தக் கிராமத்தில் ஒரு சிதைந்த வீட்டையும் கடனையும் விட்டுச் சென்ற மனிதர். பதவி என்பது அமானிதம் என்று நாம் அடிக்கடி எழுதுகிறோம். அந்த அமானிதத்தை ஒருவர் எப்படிக் கையாண்டார், எங்கே நாம் அவரைப் பின்பற்றலாம், எங்கே கூடாது என்பதைப் பார்க்க இவருடைய வாழ்க்கையைவிடப் பொருத்தமானது நமக்கு எளிதில் அகப்படவில்லை.

1894 பிப்ரவரி 18ஆம் நாள், அவத் வட்டாரத்தில் பாராபங்கி மாவட்டத்தைச் சேர்ந்த மசௌலி என்ற சிற்றூரில் அன்னார் பிறந்தார்கள். தந்தை இம்தியாஸ் அலி ஜமீன் நிலம் உடையவர், அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். தாயார் சிறு வயதிலேயே காலமாகிவிட, பிள்ளையை வளர்த்தது பாராபங்கியில் வக்கீலாக இருந்த சிறிய தந்தையார் விலாயத் அலி. இந்த விலாயத் அலி சாதாரண வக்கீல் அல்லர். மௌலானா முஹம்மது அலி நடத்திய காம்ரேட் பத்திரிகையில் நையாண்டிக் கட்டுரைகள் எழுதிப் பெயர் பெற்றவர். அலி சகோதரர்களின் அரசியல் அந்த வீட்டில் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது என்று சொல்லலாம். பாராபங்கிப் பள்ளியில் படித்து, அலிகர் எம்.ஏ.ஓ. கல்லூரியில் 1918ல் பி.ஏ. தேறினார்கள். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. பிறந்த ஒரே ஆண்மகன் ஏழு வயதில் இறந்துபோனான். பிறகு பிள்ளைப் பாக்கியம் இல்லை.

சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது கிலாபத் கிளர்ச்சியும் ஒத்துழையாமை இயக்கமும் வந்தன. படிப்பைப் போட்டுவிட்டு இறங்கினார்கள்; சிறை சென்றார்கள். வெளியே வந்ததும் ஊருக்குப் போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். அலகாபாத்துக்குப் போய் ஆனந்த பவனத்தில் பண்டித மோதிலால் நேருவிடம் அந்தரங்கக் காரியதரிசியாகச் சேர்ந்தார்கள். 1926ல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கட்சிக் கொறடாவாகவும் ஆனார்கள்.

கொறடா வேலை அவருக்கென்றே அமைந்தது போன்றது. பேச்சு அவருக்கு வராது. மேடையில் நின்றால் நாலு வார்த்தையில் முடித்துவிடுவார். ஆனால் யார் எங்கே இருக்கிறார், யாருக்கு என்ன குறை, யாரை எப்படிச் சபைக்கு அழைத்து வருவது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். கடைசிவரை அவருடைய அரசியல் இதுதான்: சபை நடவடிக்கைக் குறிப்பில் குறைவாக இருக்கும், மனிதர்களின் நெஞ்சில் நிறைய இருக்கும்.

காங்கிரஸ் முழுச் சுதந்திரத் தீர்மானம் செய்ததையொட்டி 1930ல் சபையை விட்டு வெளியேறி, ரேபரேலி விவசாயிகளிடையே வரிகொடாப் போராட்டம் நடத்தினார்கள். ஜமீன் குடும்பத்துப் பிள்ளை குடியானவர்களைக் கூட்டிக்கொண்டு வரி கொடுக்காதே என்று கிளம்பினால் உறவினர் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நம் தஞ்சைப் பக்கத்து மிராசுக் குடும்பங்களை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மீண்டும் சிறை. 1937ல் ஐக்கிய மாகாணத்தில் பண்டித பந்த் அமைத்த மந்திரிசபையில் நிலவரிக்கும் சிறைச்சாலைக்கும் மந்திரியானபோது, ரேபரேலியில் தொடங்கியதைச் சட்டமாக்கினார்கள். 1939ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம் லட்சக்கணக்கான குடியானவர்களுக்கு அவர்கள் உழுத நிலத்தில் வாரிசுரிமையோடு கூடிய பாத்தியதை அளித்தது. நினைத்தபோது வெளியேற்றும் பழக்கத்துக்கு அது கடிவாளம். சிறை மந்திரி என்ற முறையில் அரசியல் கைதிகளின் விடுதலைக்கு நின்றதில் கவர்னரோடு மோதல் ஏற்பட்டு, 1938ல் மந்திரிசபையே ராஜினாமாக் கடிதம் நீட்டும் அளவுக்குப் போய்ப் பிறகு சமரசமாயிற்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1937 பொதுத் தேர்தலில், தம் மாகாணம் முழுவதும் காங்கிரஸை ஜெயிக்கவைத்த இந்த மனிதர், தாம் நின்ற முஸ்லிம் தொகுதியில் தோற்றுப்போனார். பிறகு பஹ்ராயிச் இடைத்தேர்தலில்தான் சபைக்குள் வந்தார்கள். அன்று முஸ்லிம்களுக்குள் இரண்டு வழிகள் இருந்தன. இரண்டிலும் நல்லவர்கள் இருந்தார்கள். அந்தப் பழைய வழக்கை இங்கே நாம் திறக்கப் போவதில்லை. தம் சமுதாயத்தாரில் பலர் ஏற்காத வழியில் அவர் போனார், அதற்காக அவர்கள்மேல் கசப்புக் கொள்ளவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

1947 ஆகஸ்டில் அமைந்த சுதந்திர இந்தியாவின் முதல் மந்திரிசபையில் போக்குவரத்துத் தொடர்பு மந்திரியாக, அதாவது தபால், தந்தி, தொலைபேசி இலாகாவுக்கு, அன்னார் வந்தார்கள். பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தில்லியும் பஞ்சாபும் ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்தன. அவருடைய தம்பி ஷஃபீ அஹ்மது கித்வாய் முசூரி மலை நகரசபையில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். ஊரை விட்டுப் போய்விடும்படி பலரும் சொல்லியும், பொறுப்பை விட்டு ஓட மாட்டேன் என்று அங்கேயே இருந்தவர். 1947 அக்டோபரில் அவரைக் கொன்றுவிட்டார்கள். மத்திய மந்திரியின் தம்பிக்கே இந்தக் கதி.

கணவரை இழந்த அனீஸ் கித்வாய் அம்மையார் தில்லிக்கு வந்து காந்தியடிகளைக் கண்டார். அகதி முகாம்களுக்குப் போய்த் தொண்டு செய்யும்படி அவர் சொன்னார். பழைய கோட்டையிலும் ஹுமாயூன் மக்பராவிலும் அடைந்து கிடந்த ஆயிரக்கணக்கான மக்களிடையே அம்மையார் இறங்கி வேலை செய்தார். பின்னாளில் அந்நாட்களைப் பற்றி உருதுவில் ஒரு நூலும் எழுதினார். ராஜ்ய சபை உறுப்பினராகவும் இருந்தார். தம்பியைப் பறிகொடுத்த ரஃபீ சாஹிபோ பதவியை விடவில்லை, ஊரையும் விடவில்லை, யாரையும் பழிவாங்க முனையவுமில்லை. பொறுமை என்பதற்கு ஸப்ர் என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். தம்பியைக் கொன்றவர்கள் நடமாடும் நாட்டில் அடுத்த நாள் காலை அலுவலகம் சென்று, எல்லோருக்கும் தபால் போய்ச் சேரும்படி பார்ப்பதும் ஸப்ர்தான்.

தபால் போய்ச் சேரத்தான் செய்தது. 1949 ஜனவரி 30 அன்று இரவு விமான அஞ்சல் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நாகபுரியில் வந்து கூடி, தபால் பைகளை மாற்றிக்கொண்டு, பொழுது விடியும்போது அவரவர் ஊர் திரும்பிவிடும். அதே ஆண்டு ஏப்ரல் முதல், கூடுதல் கட்டணம் இல்லாமலேயே கடிதங்கள் விமானத்தில் போகலாயின. சென்னையில் மாலையில் போட்ட கடிதம் மறுநாள் தில்லியில் கிடைக்கும் என்பதை அன்றைய வியாபாரிகள் நம்ப மறுத்தார்களாம். முன்பணம் கட்டித் தொலைபேசியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் திட்டமும் அவர் கொண்டுவந்ததே. அதிகாரிகள் பத்துக் காரணம் சொல்லி முடியாது என்று எழுதிய கோப்புகளை அவர் நீண்ட நேரம் வைத்துப் படிப்பதில்லை.

1951ல் கட்சித் தலைமை டாண்டன் கையில் இருந்தபோது மனம் கசந்து, ஆசார்ய கிருபளானியின் புதிய கட்சிக்குப் போனார்கள். மந்திரி பதவியையும் விட்டார்கள். நேரு கட்சித் தலைமையை ஏற்றதும் திரும்பிவிட்டார்கள். இதைச் சபலம் என்றவர்களும் உண்டு. 1953ல் காஷ்மீரத்தில் ஷேக் அப்துல்லா பதவி நீக்கப்பட்டதிலும் அவருக்குப் பங்குண்டு என்று எழுதியவர்கள் பலர். அரசியல்வாதியின் வாழ்க்கை வெள்ளைத் துணியாக இருப்பதில்லை. நாமும் அப்படிக் காட்ட வேண்டியதில்லை.

முதல் பொதுத் தேர்தலில் பஹ்ராயிச் பகுதியிலிருந்து லோக் சபைக்கு வந்த அன்னாரிடம் 1952ல் நேரு கொடுத்தது உணவு, விவசாய இலாகா. அந்த நாட்களில் யாரும் ஆசைப்பட்டு வாங்காத இலாகா அது. 1943ல் வங்காளத்தில் மக்கள் தெருவில் விழுந்து செத்ததிலிருந்து நாட்டில் உணவுப் பயம் நீங்கவே இல்லை. ரேஷன் கார்டு, அளவு அரிசி, ஓர் இடத்திலிருந்து மறு இடத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை, விவசாயியிடம் கட்டாயக் கொள்முதல் என்று எல்லாமும் இருந்தன. அரிசி மட்டும் இல்லை. 1951ல் 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கினார்கள். மடியில் இரண்டு படி அரிசியோடு ரயிலேறிய கிழவியைச் சோதனை போட்ட கதைகளை நம் வீட்டு முதியவர்கள் வாழ்ந்த காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புது மந்திரி விஷயத்தை வேறு விதமாகப் பார்த்தார்கள். நாட்டில் தானியம் இருக்கிறது. பயத்தால் அது ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கணிப்பு. நாளை கிடைக்காதோ என்று குடும்பத்தலைவி இரண்டு மாதத்துக்கு வாங்கி வைக்கிறாள். சர்க்கார் பிடுங்கிவிடுமோ என்று விவசாயி குதிரில் மூடி வைக்கிறான். இந்த இருவரின் பயத்தையும் பார்த்து வியாபாரி கிடங்கைப் பூட்டுகிறான். பயத்தை எடுத்துவிட்டால் தானியம் தானே வெளியே வரும். அதற்குச் சர்க்காரின் கையில் போதிய இருப்பு வேண்டும். விலை ஏறினால் அதைச் சந்தையில் இறக்கிவிடலாம் என்று வியாபாரிக்குத் தெரிந்தாலே போதும்.

இந்த எண்ணத்துக்குச் செயல் வடிவம் முதலில் கிடைத்தது நம் சென்னை ராஜ்யத்தில்தான். 1952 ஜூனில், முதல் மந்திரியாக வந்து சில வாரங்களே ஆகியிருந்த ராஜாஜி, உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிடத் துணிந்தார். பஞ்சம் வந்துவிடும் என்று எச்சரித்தவர்கள் சர்க்காருக்கு உள்ளேயும் இருந்தார்கள், வெளியேயும் இருந்தார்கள். தில்லியில் அதை ஆதரித்து நின்றவர் கித்வாய். பயமுறுத்தியவர்கள் சொன்ன பஞ்சம் வரவில்லை. கடைகளில் அரிசி தெரியலாயிற்று. பிறகு மற்ற மாகாணங்களிலும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, 1954 ஜூலையில் அரிசிமீதிருந்த கட்டுப்பாட்டையும் நாடு முழுவதும் நீக்கிவிட்டார்கள்.

ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இங்கே இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தரும்படி தோழர்கள் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ் என்றும், எவருடைய உரிமையையும் பறித்த குற்றம் தம்மேல் இல்லாத நிலையில் அவனைச் சந்திக்க விரும்புவதாகவும் சொல்லிவிட்டார்கள். அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் பதுக்குபவனைப் பாவி என்றும் கூறினார்கள். நம் ஷாஃபிஈ நூல்களில், தட்டுப்பாடான காலத்தில் உணவுப் பொருளை வாங்கி, இன்னும் விலையேறட்டும் என்று அடைத்துவைப்பது ஹராம். தன் வயலில் விளைந்ததை வைத்திருப்பவன் இந்தக் குற்றத்தில் சேரமாட்டான். ஹனஃபீ மத்ஹபில், பதுக்கியவனின் குடும்பத் தேவைக்கு மேற்பட்டதை விற்கும்படி ஆட்சியாளர் கட்டளையிடலாம். ஆகக் குடும்பத்துக்கு வாங்கிவைத்த தாயையும் குதிரை மூடிய விவசாயியையும் ஒரு பக்கமும், கிடங்கைப் பூட்டிய வியாபாரியை மறு பக்கமும் நிறுத்துகிறது ஷரீஅத். சர்க்காரின் பழைய கட்டுப்பாடு மூவரையும் ஒரே கயிற்றில் கட்டியது. கித்வாய் சாஹிப் கிதாபைப் பார்த்துத்தான் இதைச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. அவர் பார்த்தது சந்தையை. ஆயினும் மண்டியில் உட்கார்ந்திருக்கும் நம் சகோதரர்கள் கிதாபையும் பார்ப்பது நல்லது.

இதிலும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். அவருக்கு மழை ஒத்துழைத்தது. 1950-51ல் சுமார் 5 கோடி டன்னாக இருந்த நாட்டின் தானிய விளைச்சல், 1953-54ல் ஏறக்குறைய 7 கோடி டன் ஆயிற்று. அதிர்ஷ்டக்கார மந்திரி என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். 1960களின் நடுவில் மழை பொய்த்தபோது தட்டுப்பாடும் கட்டுப்பாடும் திரும்பி வந்தன. 1965ல் சர்க்காரே தானியம் வாங்கி விற்க இந்திய உணவுக் கழகத்தை அமைத்தது. ஆனால் மழை பெய்த ஆண்டிலும் கட்டுப்பாட்டை எடுக்கத் துணியாத மந்திரிகள் உண்டு. ரஹ்மத் இறங்கும்போது கதவைத் திறந்துவைக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருவோம். கித்வாய் சாஹிபின் கையில் பணம் வந்துகொண்டே இருந்தது, தங்கியதில்லை. பெரிய முதலாளிகளிடம் உரிமையோடு கேட்டு வாங்குவார். சிறையிலிருந்து வந்து வேலையில்லாமல் நின்ற தொண்டன், மகளுக்குக் கல்யாணம் வைத்தவன், நோயாளி, படிக்க வழியில்லாத மாணவன் என்று யார் வந்தாலும் கொடுப்பார். தம் கட்சியா எதிர்க்கட்சியா, ஹிந்துவா முஸ்லிமா என்று பார்த்ததில்லை. அவரால் பலன் பெற்றவர்களே உத்தரப் பிரதேச அரசியலில் அவர் பெயரால் ஒரு கோஷ்டியாக அழைக்கப்படும் அளவுக்கு இருந்தார்கள். வாங்கியதற்கு ரசீது கிடையாது. கொடுத்ததற்குக் கணக்குக் கிடையாது. கையில் இல்லாதபோது கடன் வாங்கியும் கொடுத்தார்.

இந்த இடத்தில் நமக்கு மனம் இரண்டாகிறது. ஒரு காசும் தமக்கென்று ஒட்டவில்லை என்பதற்கு அவர் விட்டுச் சென்ற வீடே சாட்சி. ஆனால் மந்திரியாக இருப்பவர் முதலாளியிடம் கணக்கில்லாமல் வாங்குவது, வாங்கியவர் பரிசுத்தமானவர் என்பதால் மட்டும் சரியாகிவிடாது. கொடுத்த முதலாளி அல்லாஹ்வுக்காகக் கொடுத்தானா, லைசென்சுக்காகக் கொடுத்தானா என்று யார் அறிவார்? ஜகாத் வசூலிக்கப்போன ஒருவர் திரும்பி வந்து, இது பைத்துல்மாலுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தது எதற்காக? தாய் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. ரமலான் பிறந்துவிட்டால் ரசீதுப் புத்தகம் இல்லாமல் வசூலுக்குக் கிளம்பும் சில நண்பர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களும் நல்லவர்களே. அவர்களுக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வருகிறவர் எப்படி இருப்பார் என்பதே நம் கவலை. உத்தரப் பிரதேச அரசியலிலும் அதே வழியில் வாங்கியவர்கள் பின்னால் வந்தார்கள். அதே வழியில் கொடுத்தவர்கள் அரிது.

கடனைப் பற்றியும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கடனை அடைக்கத் தேவையான பொருளை ஸதகா கொடுப்பது கூடாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். ஸுபைர் (ரலி) அவர்களும் பெருங்கடனோடுதான் ஷஹீதானார்கள். மக்கள் அமானிதமாகக் கொண்டுவந்த பொருளை, தொலைந்தாலும் தம் பொறுப்பாக இருக்கட்டும் என்று கடனாக எழுதிக்கொண்டதால் வந்த கடன் அது. ஆனால் அவர்களுக்கு நிலங்கள் இருந்தன. மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் நிலத்தை விற்றுக் கடைசி திர்ஹம்வரை அடைத்துவிட்டு, வேறு பாக்கி உண்டா என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் கேட்டு அறிவித்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள். மசௌலியில் விற்பதற்கு அப்படி எதுவும் இருக்கவில்லை.

ஆஸ்த்துமா அவருக்குப் பழைய நோய். இருதயமும் பலவீனமாகியிருந்தது. ஓய்வெடுக்கச் சொன்ன வைத்தியர்களுக்குச் செவி கொடுத்ததாகத் தெரியவில்லை. 1954 அக்டோபர் 24ஆம் நாள் தில்லியில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது மூச்சுத் திணறல் கண்டு, அதைத் தொடர்ந்து இருதயம் நின்று வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 60. அரிசிக் கட்டுப்பாடு நீங்கி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. வாழ்நாளெல்லாம் மேடையைத் தவிர்த்தவருக்கு மவுத்து மேடையில் வந்தது.

ஜனாஸாவை மசௌலிக்குக் கொண்டுபோய்ச் சொந்த மண்ணில் அடக்கினார்கள். 1956ல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் விவசாய விஞ்ஞானிகளுக்கு அவர் பெயரால் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்காக ரயிலேறுகிறவர்கள் கித்வாய்க்குப் போகிறோம் என்று சொல்கிறார்களே, அந்தக் கித்வாய் இவர்தாம். அவர்களில் பலருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியாது.